கல்லூரியைப் பார்க்கும்போதே விடுதியையும் பாருங்கள்



தை பிறந்துவிட்டது. சங்கராபுரம், தியாகதுருகம் பக்கங்களில் சம்பா நெல் களத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி மூட்டை கட்டுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பயிரைப் பற்றிப் பேசாமல் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயிருக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மார்ச் மாதம் தேர்வு, மே மாதம் முடிவு. கல்லூரியில் பணம் கட்டச் சொல்வது ஆனியிலும் ஆடியிலும். அதே ஆனி, ஆடியில்தான் விதை வாங்க வேண்டும், உழவு ஓட்ட வேண்டும், அடியுரம் போட வேண்டும். ஆண்டிலேயே கை வறண்டு கிடக்கும் மாதத்தில் கல்லூரி பணம் கேட்கிறது. கையில் காசு புழங்கும் மாதம் இந்தத் தை, மாசிதான். ஆகவே இதைப் பற்றி யோசிக்க வேண்டிய பருவமும் இதுவே.

நான் பாடம் நடத்துவதோடு சில ஆண்டுகள் ஒரு மாணவர் விடுதியின் உதவிக் காப்பாளராகவும் இருந்தவன். அந்த ஆண்டுகளில் பார்த்ததைக் கொண்டு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கிராமத்திலிருந்து, அதிலும் மலையிலிருந்து வரும் பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுப் போனால், பாடம் ஏறாமல் போனவர்கள் அவர்களில் சிலரே. தங்கும் இடமும் உண்ணும் சோறும் ஒழுங்காக அமையாமல் போனவர்களே பலர். நாமோ கல்லூரியைத் தேடும்போது எந்தப் படிப்பு, என்ன மதிப்பெண், எவ்வளவு கட்டணம் என்று நூறு கேள்வி கேட்கிறோம். பிள்ளை இரவில் எங்கே படுக்கும், காலையில் என்ன சாப்பிடும் என்பதை, சேர்த்துவிட்டு வரும் நாளன்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். கிணறு வெட்டி முடித்த பிறகு நீரோட்டம் பார்ப்பதைப் போன்றது இது.

முதலில் செலவுக் கணக்கு

உணவுக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்குக்காக மாதம் 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மாதம் என்றால் 35,000 ரூபாய். நான்கு ஆண்டுப் படிப்புக்கு 1,40,000 ரூபாய். கரும்பை டன் 3,500 ரூபாய்க்குக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டால் இது 40 டன் கரும்பு. தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர் கரும்பின் சராசரி மகசூல் ஏறக்குறைய இவ்வளவுதான். வெட்டுக்கூலி, உரம், தண்ணீர்ச் செலவு எதுவும் கழிக்காத ஓர் ஏக்கர் கரும்பு முழுவதும் மெஸ் கணக்கில் போய்விடும் என்று பொருள். அறை வாடகை, மின்கட்டணம், திரும்பப் பெறும் முன்பணம், பேருந்துச் செலவு எல்லாம் இதற்கு மேல். படிப்புக் கட்டணத்தைத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. சலுகைகளெல்லாம் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்துக்குத்தான் கிடைக்கின்றன. கையிலிருந்து போவது விடுதிப் பணம்.

எனவே கரும்புப் பணமோ கிழங்குப் பணமோ இப்போது கைக்கு வந்தவுடன், முதல் நான்கு மாத விடுதிச் செலவுக்கான தொகையை அஞ்சலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தனியாகப் போட்டு வையுங்கள். நான்கு மாதம் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கையிருப்பாக முன்பணம் காட்டவும் வேண்டாம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். விடுதிச் செலவையும் சேர்த்தே கேட்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். வித்யாலட்சுமி என்னும் இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் விண்ணப்பத்துக்கு ஓர் எண் கிடைக்கும். மேலாளர் வாய்வார்த்தையாக இல்லை என்று அனுப்பிவிட முடியாது. நிலப் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வட்டிக்கு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

சான்றிதழ்கள்: மலைவாழ் மக்கள் முந்திக்கொள்ள வேண்டும்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். சமவெளியில் இருப்பவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும்.

பழங்குடியினர் சாதிச் சான்று அப்படி அன்று. அதை வழங்குபவர் கோட்டாட்சியர். மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதியில் இருப்பவர்கள் கள்ளக்குறிச்சிக் கோட்டத்தில் சேர்ந்தவர்கள். கருமந்துறைப் பக்கம் இருப்பவர்கள் சேலம் மாவட்டத்து ஆத்தூர்க் கோட்டத்தில் சேர்ந்தவர்கள். விசாரணை நடந்த பிறகே சான்று வரும். மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் கலந்தாய்வுக்குள் கைக்கு வருவது கடினம். இப்போதே விண்ணப்பியுங்கள்.

இதில் ஒரு சிக்கலையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்னும் இனம் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக எழுதப்படவில்லை. தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்ற பழைய மாவட்டப் பெயர்களோடு எழுதப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சி என்ற பெயர் அதில் இல்லை. 1993ஆம் ஆண்டு தென் ஆற்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே நம் மலை பழைய தென் ஆற்காட்டைச் சேர்ந்ததுதான். வெளியூரில் யாராவது பட்டியலில் உங்கள் மாவட்டம் இல்லையே என்று கேட்டால் இந்த விவரத்தைப் பிள்ளை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிழைப்புக்காகத் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போயிருப்பவர்களும் சொந்த ஊர் அலுவலகத்தில்தான் சான்று வாங்க வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் பெறவில்லை என்பதற்குச் சான்று. 2010-11 முதல் இதனால் தொழிற்கல்விப் படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இது உண்டு. அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் செல்லும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது.

எல்லாச் சான்றிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஆதார் அட்டையையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வராமல் நின்றுபோகும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. மருத்துவத்துக்கு 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021ஆம் ஆண்டிலும் இந்த ஒதுக்கீடு வந்தது. இதில் இடம் பெறுகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நான் மேலே போட்ட ஓர் ஏக்கர் கரும்புக் கணக்கை இப்போது மறுபடியும் நினைத்துப் பாருங்கள்.

மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதைக் கவனியுங்கள். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போய் அங்கே ஓராண்டு படிக்க வைத்தாலோ, இடையில் ஒரு வகுப்பைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்தாலோ இந்த உரிமை கை நழுவிவிடும். பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறதே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று இருக்காதீர்கள். உங்களுக்காகத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைப் பெறலாம். பெரிய தொகை இல்லை என்றாலும் பேருந்துக்கும் சோப்புக்கும் வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால் மேற்படிப்பு உதவித்தொகையும் உண்டு.

எந்தக் கல்லூரி?

பிள்ளைக்கு எந்தப் படிப்பில் விருப்பம் என்பதை நான் சொல்ல முடியாது. வேளாண்மைப் பத்திரிகை ஆதலால் வேளாண்மைப் படிப்பில் சேருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வேளாண்மை படிக்க விரும்பினால், மூங்கில்துறைப்பட்டுக்கு அருகே, திருவண்ணாமலை மாவட்டத்து வாழவச்சனூரில் 2014 முதல் நம் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. கோயம்புத்தூரைவிட அது நமக்குப் பக்கம். மருத்துவத்துக்குச் சிறுவங்கூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கலை, அறிவியல் படிப்புக்கு அரசுக் கல்லூரி பக்கத்தில் இருந்தால், அதைவிட்டுத் தூரத்துத் தனியார் கல்லூரிக்கு அனுப்புவதற்கு வலுவான காரணம் வேண்டும். விளம்பரப் பலகை ஒரு காரணம் ஆகாது.

வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியில் தங்குவதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது. வீட்டு வாசலிலிருந்து வகுப்பறைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போக முடிந்தால் வீட்டிலிருந்தே போகட்டும். அதற்கு மேல் என்றால் விடுதிதான். காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி இரவு ஏழரைக்கு இறங்கும் பிள்ளை புத்தகத்தைத் திறக்காது. அந்தப் பேருந்துக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைக் கிராமங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. வெள்ளிமலையில் இறங்கி அதற்கப்புறம் நடக்க வேண்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கு விடுதி இல்லாமல் கல்லூரி இல்லை.

இணையவழிக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கச் சொல்வார்கள். இதை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. அங்கே இருக்கும் தம்பி அவசரத்தில் தனக்குத் தெரிந்த நான்கு கல்லூரிகளை அடித்துவிடுவார். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கல்லூரியின் பெயர், கலந்தாய்வுக் குறியீட்டு எண், நம் ஊரிலிருந்து தூரம், விடுதி உண்டா, விடுதிச் செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். குறியீட்டு எண் மிகவும் முக்கியம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. உண்மையில் உங்களுக்குப் பிடித்த வரிசைப்படியே எழுதுங்கள். கிடைக்குமோ கிடைக்காதோ என்று நினைக்கும் கல்லூரியை முதலில் எழுதுவதால் நட்டமில்லை. அது இல்லையென்றால் அடுத்ததைப் பார்த்து ஒதுக்குவார்கள். பிடிக்காததை முதலில் எழுதினால்தான் நட்டம், ஏனென்றால் அது கிடைத்துவிடும்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஊருக்குள் கார் வரும். 'சீட்டு இலவசம், விடுதி இலவசம், வெளிமாநிலத்தில் நர்சிங், வந்தால் மடிக்கணினி' என்று பேசுவார்கள். கூடவே பிள்ளையின் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் அதன் பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தாலும் போக முடியாது. இலவசம் என்று சொன்ன விடுதிக்கு இரண்டாம் மாதம் ரசீது வரும். கலந்தாய்வு வழியாகச் சேரவில்லை என்பதால் முதல் தலைமுறைச் சலுகையும் இல்லை, 7.5 விழுக்காடும் இல்லை. சேரும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது தரகருக்கு எங்கிருந்து வந்தது?

விடுதிகளின் வகை

நம் பிள்ளைகள் தங்கும் இடங்கள் மூன்று வகை. கல்லூரியே நடத்தும் விடுதி ஒன்று. அரசு நடத்தும் நல விடுதி ஒன்று. ஊரில் தனியார் நடத்தும் விடுதி அல்லது நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் அறை ஒன்று.

அரசு நல விடுதிகளில் தங்கும் இடமும் உணவும் இலவசம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்று தனித்தனிப் பெயரில் இருந்த இவ்விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூக நீதி விடுதிகள் என்று பொதுப்பெயர் சூட்டப்பட்டது. பலகையில் புதுப்பெயர் இருப்பதைப் பார்த்து இது வேறு ஏதோ என்று திரும்பிவிடாதீர்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே இதற்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம்.

கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் பங்கீட்டு முறை இருக்கும். ஒரு மாதத்தில் அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு, சமையல் கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவைச் சாப்பிட்டவர்களின் நாள் கணக்கால் வகுத்து ஒவ்வொருவருக்கும் போடுவார்கள். அதனால் தொகை மாதத்துக்கு மாதம் மாறும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது காப்பாளரிடம் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்களைக் கழிப்பார்கள். சொல்லாமல் வந்தால் சாப்பிடாத சோற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். எத்தனை நாளுக்குக் குறையாமல் விடுப்பு இருந்தால் கழிப்பார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் அறை எடுத்துத் தங்குவதை முதல் ஆண்டில் நான் ஒப்புக்கொள்வதில்லை. பதினேழு வயதுப் பையன் சமைத்து, துவைத்து, வாடகையைப் பிரித்துக் கொடுத்து, படிக்கவும் செய்வது எளிதன்று. வேறு வழியே இல்லை என்றால், ஊர்க்காரரான மூத்த மாணவர் ஒருவர் இருக்கும் அறையாகப் பாருங்கள்.

நேரில் போய்ப் பாருங்கள்

மாடு வாங்கப் போகும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். விடுதியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், போய்ப் பாருங்கள். காலையில் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போனால் வரவேற்பறையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மாலை ஆறு, ஏழு மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வரும் நேரத்தில் போங்கள். கழிப்பறையில் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று. ஓர் அறைக்கு எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் கட்டிலும் பூட்டுள்ள பெட்டியும் உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, இரவில் காய்ச்சல் வந்தால் யார் அழைத்துப் போவார்கள், காப்பாளர் விடுதியிலேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரைத் தனியாக அழைத்து, 'தம்பி, சாப்பாடு எப்படி?' என்று கேட்டால் மெய் தெரிந்துவிடும். பொங்கல், தீபாவளி, பருவத் தேர்வு விடுமுறைகளில் விடுதியை மூடுவார்களா என்பதையும் கேளுங்கள். மூடினால் எந்த நேரத்துக்குக் கிளம்பினால் மலைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மாணவிகள் தங்கும் தனியார் விடுதிகள், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே நடந்ததை நம் மாவட்டத்துப் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு மகளை விடுதியில் விடவே அஞ்சுகிறோம் என்று தாய்மார்கள் பலர் சொல்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்துக்கு மருந்து மகளை வீட்டில் நிறுத்துவது அன்று. உரிமம், பெண் காப்பாளர், இரவுக் காவல், மகள் எந்த நேரமும் வீட்டுக்குப் பேச அனுமதி ஆகியவற்றை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அனுப்புங்கள். வாரம் ஒருமுறையாவது மகள் தனியாக இருக்கும்போது பேசுங்கள். 'நல்லா இருக்கேன்' என்று சொன்னால் குரலையும் கேளுங்கள்.

அந்தக் கலவரத்தில் பிள்ளைகள் பலரின் சான்றிதழ்களும் எரிந்துபோயின. அசல்களை வீட்டில் தகரப் பெட்டியில் வையுங்கள், நகல்களைக் கையில் கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கர் என்னும் அரசின் மின்பெட்டகத்திலும் பதிந்து வைக்கலாம்.

நான்கு மாதப் பணம் எதற்கு?

நான் விடுதிப் பொறுப்பில் இருந்தபோது மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவன் வந்தான். அவன் ஊரில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கணக்கில் கெட்டிக்காரன். சேர்த்துவிட வந்த தந்தை என்னிடம், 'எல்லாம் கவர்மெண்டே கொடுக்குதாமே சார், நான் ஒன்னும் அனுப்ப வேண்டாமில்ல?' என்று கேட்டார். படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் உணவுக் கட்டணத்தை மாதாமாதம் கட்ட வேண்டும், உதவித்தொகை பின்னால் வரும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். உதவித்தொகை அவ்வாண்டு வழக்கம்போல மாசிக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் ஐப்பசியிலேயே, பாக்கி வைத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் உணவுக்கூடத்து வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. அது விடுதியின் நடைமுறை. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் சாப்பிடப் போகும்போது படித்துவிட்டுப் போகும் இடம் அது. தீபாவளிக்கு ஊருக்குப் போனான், கிழங்கு பிடுங்கும் வேலைக்கு நின்றுவிட்டான். கடிதம் எழுதினோம், ஆள் அனுப்பினோம். வரவில்லை. அவன் கட்டிலும் கம்பளியும் அந்த ஆண்டு முழுவதும் அப்படியே கிடந்தன. பாக்கித் தொகை நான்கு மாதக் கட்டணம்தான். அதற்கு ஒரு படிப்பு போயிற்று.

இதனால்தான் நான்கு மாதத் தொகையைத் தையிலேயே எடுத்து வையுங்கள் என்றேன். உதவித்தொகை வந்தால் அந்தப் பணம் மறுபடியும் உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது. பாக்கி விழுந்துவிட்டால் பிள்ளை காப்பாளரிடம் போய்ச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். உதவித்தொகை வரும் வரை தவணை கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான காப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

முதல் மாதம்

1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை நம் மலை. பள்ளிக்கூடமும் சாலையும் அங்கே பிந்தித்தான் வந்தன. அங்கிருந்து வரும் பிள்ளைக்கு நகரத்து விடுதியில் பேச்சு வேறாக இருக்கும், சோறு வேறாக இருக்கும். பேசும் விதத்தைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். முதல் மாதத்தில் 'வந்து அழைச்சிட்டுப் போங்கப்பா' என்று பெரும்பாலான பிள்ளைகள் அழுவார்கள். உடனே கிளம்பி வந்து அழைத்துப் போய்விடாதீர்கள், உடனே திட்டவும் வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். வீட்டு நினைவு என்றால் நாற்பது நாளில் சரியாகும். நடவு வயலில் நாற்று பச்சை பிடிக்கிறதற்குள் வாடித்தான் நிற்கும்.

யாராவது அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், இழிவாகப் பேசுகிறார்கள் என்றால் அது வேறு. பகடிவதையை 1997ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை செய்தது. முந்திய ஆண்டு சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பின்பு வந்த சட்டம் அது. கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். 1800 180 5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன படிக்கலாம், எதற்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்ற ஐயங்களுக்கு 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.

சேர்க்கும் நாளன்று தாயும் கூடப் போவது நல்லது. பாய், போர்வை, தட்டு, தம்ளர், வாளி, பூட்டு ஒன்றுக்கு இரண்டு சாவி, காய்ச்சல் மாத்திரை, சாதிச் சான்று முதல் வங்கிப் புத்தகம் வரை எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல், பத்து நிழற்படம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். முன்பணத்துக்குத் தனி ரசீது வாங்குங்கள், நான்கு ஆண்டு கழித்து அதைக் காட்டித்தான் திரும்பப் பெற முடியும். காப்பாளரின் கைபேசி எண்ணையும் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பெற்றோர் எண்ணையும் எழுதிக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.